ஊரை ஒரே ஊர்வலத்தில் நடத்திய பெண்



அர்ச். சின்னப்பர் தம் நிருபங்களில் கிறிஸ்தவ வாழ்வைப் பந்தய ஓட்டத்துக்கு ஒப்பிட்டுப் பேசுவது உங்களுக்குத் தெரிந்ததே. கொரிந்தியருக்கு எழுதும்போதும் ஓட்டக்களம் அவர் நினைவில் நின்றது. கடைசிக் காலத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போதும் அதுவே நின்றது. தம்முடைய ஓட்டத்தை அவர் முடித்த இடம் உரோமாபுரி. அதே உரோமாபுரியில் 1960-ம் ஆண்டு ஒரு கறுப்பினப் பெண் ஓடி, ஒரே ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றாள். அவள் பெயர் வில்மா ருடால்ப். குழந்தைப் பருவத்தில் கால் விளங்காமல் கிடந்தவள் அவள்.

அவள் நம் திருச்சபையைச் சேர்ந்தவள் அல்லள். பாப்டிஸ்ட் குடும்பத்தில் பிறந்தவள். அவளை ஓர் அர்ச்சியசிஷ்டவளாக உங்கள் முன் நிறுத்தவும் நான் வரவில்லை. உரோமையில் அவள் பெற்ற வெற்றியைப் பலரும் அறிவர். ஆனால் அதன் பின்பு சொந்த ஊரில் அவள் பெற்ற மற்றொரு வெற்றி அதைவிடப் பெரியது என்பது என் எண்ணம். அது நம் வீடுகளில் பேசப்பட வேண்டிய செய்தி என்பதால் அவள் வரலாற்றை இங்கு எழுதுகிறேன்.

அமெரிக்காவின் தென்பகுதியில் டென்னசி என்றொரு மாநிலம் உண்டு. அங்கே 1940-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி வில்மா பிறந்தாள். மாதம் நிறையுமுன் பிறந்த குழந்தை. எடை நாலரை பவுண்டுதான். தகப்பனார் எட் ருடால்ப் ரயில்வேயில் போர்ட்டர். அவருக்கு இரு தாரங்களில் பிறந்த மக்கள் 22 பேர்; வில்மா இருபதாவது பிள்ளை. தாய் பிளாஞ்ச், கிளார்க்ஸ்வில் என்னும் ஊரில் வெள்ளையர் வீடுகளில் சமைத்தும் துவைத்தும் கூலி பெற்று வந்தாள்.

அக்காலத்தில் அந்த மாநிலங்களில் நிறப் பிரிவினை என்பது வெறும் வழக்கமாக அன்று, சட்டமாகவே இருந்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்கு மற்றொரு பள்ளி. பஸ்ஸில் முன்வரிசை அவர்களுக்கு, பின்வரிசை இவர்களுக்கு. குடிநீர்க் குழாய் தனி, உணவு விடுதி தனி, ஆஸ்பத்திரி தனி. ஒரே கர்த்தரை வணங்கும் கிறிஸ்தவர்கள்தாம் இரு புறமும் இருந்தார்கள் என்பதை நினைக்கையில் மனம் நோகிறது.

வில்மாவின் குழந்தைப் பருவம் முழுவதும் நோய்தான். நிமோனியா வந்தது. ஸ்கார்லெட் காய்ச்சல் வந்தது. பின் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் வலுவிழந்தது. உள்ளூரில் கறுப்பினத்தாரைக் கவனிக்க வசதி மிகக் குறைவு. ஏறக்குறைய 50 மைல் தொலைவில் உள்ள நாஷ்வில் நகரில், கறுப்பின மருத்துவர்களைப் பயிற்றுவிக்க 1876-ல் நிறுவப்பட்ட மெஹாரி மருத்துவக் கல்லூரி இருந்தது. அங்கேதான் வில்மாவுக்குச் சிகிச்சை நடந்தது.

தாய்மார்களே, இதைச் சற்று மனக்கண்ணால் பாருங்கள். வாரமெல்லாம் பிறர் வீட்டில் உழைத்த ஒரு தாய், நடக்க மாட்டாத மகளை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் பின்வரிசையில் அமர்ந்து 50 மைல் போகிறாள். சிகிச்சை முடிந்ததும் மறுபடி 50 மைல் திரும்புகிறாள். இது ஒரு வாரமா, ஒரு மாதமா? இரண்டு ஆண்டுகள் இப்படியே நடந்தது. காலை எப்படிப் பிடித்துவிட வேண்டும் என்று மருத்துவர்களிடம் கற்றுக்கொண்டு, அதை மூத்த பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தாள். அது முதல் நாளொன்றுக்கு நான்கு முறை, வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் முறை வைத்துத் தங்கையின் காலைப் பிடித்துவிட்டார்கள். எளிய வீடு, பணம் இல்லை, ஆனால் கைகளுக்குக் குறைவில்லை. மகள் நடப்பாள் என்பதில் அந்தத் தாய்க்கு ஐயமே இருக்கவில்லை. சொல்லச் சொல்ல மகளும் அதை நம்பினாள்.

காலில் இரும்புப் பட்டை பூட்டி நடந்தாள் சிறுமி. மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். ஒன்பது வயதளவில் பட்டை கழன்றது. அதன் பின்னும் சில காலம் தனியாகச் செய்த கனத்த சப்பாத்து. பன்னிரண்டு வயதாகும்போது எல்லாரையும்போல வெறுமனே நடந்தாள். நடந்தவள் பிறகு ஓடாமல் இருக்கவில்லை.

கறுப்பினப் பிள்ளைகளுக்கான பர்ட் உயர்நிலைப் பள்ளியில் அவள் கூடைப்பந்து ஆடினாள். எப்போதும் இங்குமங்கும் பறந்துகொண்டே இருப்பதால் பயிற்சியாளர் அவளைக் கொசு என்று செல்லமாக அழைத்தார். அவள் ஆடிய ஓர் ஆட்டத்துக்கு நடுவராக வந்தவர் எட் டெம்பிள். நாஷ்விலில் இருந்த கறுப்பினத்தாரின் டென்னசி மாநிலக் கல்லூரியில் பெண்களுக்கு ஓட்டப் பயிற்சி அளித்து வந்தவர் அவர். பந்தை விட்டுவிட்டு அந்த நெடிய பெண்ணின் கால்களையே அவர் கவனித்தார். கோடை விடுமுறையில் தம் பயிற்சிக்கு வரும்படி அழைத்தார்.

இந்த எட் டெம்பிளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பெண்கள் ஓடுவது பெண்மைக்குப் பொருந்தாது என்பது அன்று படித்தவர்களிடையேகூட நிலவிய கருத்து. ஒலிம்பிக் பந்தயங்களை மறுபடி தோற்றுவித்த கூபெர்த்தன் பிரபுவே பெண்கள் அதில் கலந்துகொள்வதை விரும்பவில்லை. 1928-ல்தான் ஓட்டப் பந்தயங்களில் பெண்களுக்கு இடம் கிடைத்தது. அந்த ஆண்டு 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்துப்போனார்கள் என்று பெரிய ஆரவாரம் எழுந்து, அதற்குப் பின் 1960 வரை 200 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டமே ஒலிம்பிக்கில் பெண்களுக்கு வைக்கப்படவில்லை. ஆகவே கறுப்பினப் பெண்ணுக்கு இரண்டு கதவுகள் சாத்தியிருந்தன: ஒன்று நிறத்தின் பேரால், மற்றொன்று பெண் என்பதன் பேரால்.

டெம்பிளிடம் பணம் இல்லை. அவருடைய மாணவிகள் நாளுக்கு இரண்டு மணி நேரம் கல்லூரியில் வேலை செய்து படிப்புச் செலவை ஈடுகட்டினார்கள். வெளியூர்ப் பந்தயங்களுக்குக் காரில் போவார்கள். வழியில் உணவு விடுதிகள் அவர்களை உள்ளே விடா. ஆகையால் கட்டுச்சோறு கொண்டுபோவார்கள். கழிப்பிடமும் மறுக்கப்படும், வயல்வெளியில் ஒதுங்குவார்கள். இப்படியெல்லாம் பயிற்சி பெற்ற அவருடைய மாணவிகளில் 40 பேர் காலப்போக்கில் ஒலிம்பிக்கில் ஓடினார்கள். அவர்கள் பெற்ற பதக்கங்கள் 23, அவற்றில் 13 தங்கம். ஒழுக்கத்திலும் படிப்பிலும் அவர் மிகக் கண்டிப்பானவர். பட்டம் பெறாமல் போகிற மாணவியை அவர் வெற்றி பெற்றவளாக எண்ணியதில்லை.

தொடக்கத்தில் வில்மா வென்றாள் என்று நினைக்கவேண்டாம். டஸ்கீகி நகரில் நடந்த பெரிய பந்தயத்தில் ஓடிய ஒவ்வொரு ஓட்டத்திலும் தோற்றாள். தன் பள்ளியில் தனக்கு நிகர் யாருமில்லை என்றிருந்தவளுக்கு அது பெரிய அடி. சில நாள் சோர்ந்து கிடந்தாள். பின் மழையென்றும் வெயிலென்றும் பாராமல் பயிற்சி செய்தாள். 1956-ல், 16-ம் வயதில், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது. 200 மீட்டர் ஓட்டத்தில் முதற் சுற்றைத் தாண்டவில்லை. நால்வர் ஓடும் தொடர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றாள்.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பள்ளிப் படிப்பின் இறுதியாண்டில், மணமாகாமலேயே, அவள் தாயானாள். ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள். பலருடைய கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் வீட்டார் அவளைத் தள்ளிவிடவில்லை. குழந்தையை உற்றார் ஏற்று வளர்த்தார்கள். தாயானவளைக் குழுவில் சேர்ப்பதில்லை என்பது டெம்பிள் வைத்திருந்த விதி; கண்டிப்புக்காரரான அவரே அவளுக்காக அந்த விதியைத் தளர்த்தினார். பாவம் பாவமே. ஆயினும் தவறிய பிள்ளையை வாசற்படியில் நிறுத்திவிடுவது சேசுநாதர் காட்டிய வழி அன்று. அந்த வீடும் அந்த ஆசிரியரும் அன்று கதவைச் சாத்தியிருந்தால் 1960-ம் ஆண்டின் வில்மா இல்லை.

1960 ஜூலையில் டெக்சாஸ் மாநிலத்தின் ஒரு நகரில் 200 மீட்டரை 22.9 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தாள். அந்த நகரின் பெயர் கோர்ப்புஸ் கிறிஸ்தி. இலத்தீனில் அதற்குக் கிறிஸ்துவின் திருச்சரீரம் என்பது பொருள். ஒரே சரீரத்தின் உறுப்புகள் நாம் என்று கற்பிக்கும் மறையின் பெயர் தாங்கிய ஊரும் நிறப் பிரிவினை வேரூன்றிய மாநிலத்தில்தான் இருந்தது!

பின்னர் உரோமாபுரி. ஆகஸ்டு 25-ந் தேதி பந்தயங்கள் தொடங்கின. அதற்கு முன்தினம் பரிசுத்த பாப்பரசர் 23-ம் அருளப்பர், பல தேசங்களிலிருந்தும் வந்த விளையாட்டு வீரர்களை அர்ச். இராயப்பர் பேராலயச் சதுக்கத்தில் வரவேற்று ஆசீர் அளித்தார். எல்லா நிறத்தவரும் ஒரே சதுக்கத்தில் கூடி நின்றது எத்தகைய காட்சி!

ஓட்டத்துக்கு முன்தினம் மைதானத்தில் ஒரு குழியில் கால் வைத்து வில்மாவின் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. கட்டுப் போட்டுக்கொண்டு ஓடினாள். செப்டம்பர் 2-ந் தேதி 100 மீட்டரை 11 விநாடியில் முடித்தாள். இரண்டாவதாக வந்தவருக்கு 11.3 விநாடி ஆயிற்று. அவ்வளவு தூரம் முன்னால் ஓடினாள். பின்காற்று அளவுக்கு மிஞ்சி வீசியதால் அது உலகச் சாதனையாக எழுதப்படவில்லை. தங்கப் பதக்கம் அவளுடையதே. மூன்று நாள் கழித்து 200 மீட்டரிலும் தங்கம். கடைசியாகத் தொடர் ஓட்டம். நான்கு பெண்களும் டெம்பிளின் ஒரே கல்லூரி மாணவிகள்: மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ், வில்மா. இறுதியாக ஓடவேண்டியவள் வில்மா. கோல் கைமாறும்போது பிடி நழுவப்பார்த்தது. சமாளித்துப் பற்றுவதற்குள் ஜெர்மானியப் பெண் முந்திவிட்டாள். அவளைத் துரத்திப் பிடித்துக் கடந்தாள் வில்மா. ஒரே ஒலிம்பிக்கில் ஓட்டப் பந்தயங்களில் மூன்று தங்கம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் அவள். உரோமை மக்கள் அவள் பெயரை உரக்கக் கூவினார்கள். இத்தாலியப் பத்திரிகைகள் அவளைக் கறுப்பு மான் என்று புகழ்ந்தன. அமெரிக்க மக்கள் அந்த ஓட்டங்களைத் தங்கள் வீடுகளில் டெலிவிஷனில் பார்த்தார்கள். பஸ்ஸில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்ட இனத்துப் பெண் அந்தத் தேசத்துக்கே பெருமை தேடித் தந்தாள்.

இனித்தான் நான் சொல்ல வந்தது. அதற்குமுன் பன்னிரண்டு ஆண்டு பின்னோக்கிப் போகவேண்டும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆலிஸ் கோச்மன் என்னும் பெண் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றாள். ஒலிம்பிக்கில் தங்கம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவளே. ஆறாம் ஜார்ஜ் மன்னர் தம் கையால் பதக்கம் அளித்தார். அவளுடைய சொந்த ஊர் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி. அங்கேயும் வரவேற்பு நடந்தது. ஆனால் மண்டபத்தில் வெள்ளையர் ஒரு புறம், கறுப்பர் மறு புறம். மேடையிலிருந்த மேயர் அவளுடன் கை குலுக்கவில்லை. விழா நாயகி பக்கவாசல் வழியாக வெளியேறினாள். மன்னர் தந்த மரியாதையை மேயர் தரவில்லை.

1960-ல் கிளார்க்ஸ்வில் ஊரும் வில்மாவுக்கு ஊர்வலமும் விருந்தும் ஏற்பாடு செய்தது. நிறப் பிரிவினையை ஆதரித்துத் தேர்தலில் வென்ற மாநில கவர்னரே அதை முன்னின்று நடத்துவதாகத் திட்டம். வழக்கப்படி வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியே என்றுதான் முதலில் எண்ணினார்கள். வில்மா மறுத்துவிட்டாள். தன் பெயரால் நடக்கும் விழாவில் ஊரார் எல்லாரும் கலந்து நிற்கவேண்டும். இல்லையேல் தான் வரப்போவதில்லை என்று திட்டமாகச் சொல்லிவிட்டாள்.

அவளுக்கு வயது 20. தகப்பனார் கூலி வேலைக்காரர், தாய் வீட்டு வேலைக்காரி. ஊர்ப் பெரியவர்களைப் பகைத்தால் குடும்பத்தின் பிழைப்பே கெடலாம். உலகமே புகழும் வேளையில் கிடைத்த மாலையை வாங்கிக்கொண்டு பேசாமலிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் தன் தாய் அடியெடுத்து வைக்கக் கூடாத இடத்தில் தனக்கு மட்டும் நாற்காலி எதற்கு என்று அவள் உள்ளம் கேட்டிருக்க வேண்டும்.

ஊர் பணிந்தது. 1960 அக்டோபர் 4-ந் தேதி கிளார்க்ஸ்வில் தெருக்களில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே ஊர்வலமாக நடந்தார்கள். அன்று மாலை ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து உண்டார்கள். அந்த ஊரின் வரலாற்றில் இரு இனத்தாரும் கலந்து நடத்திய முதல் பொது விழா அதுவே. ஒரு சுவரும் இடிக்கப்படவில்லை, ஒரு கல்லும் எறியப்படவில்லை. பகிரப்படாத மரியாதை எனக்கு வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னாள், அவ்வளவுதான்.

ஒரு நாள் விழாவோடு எல்லாம் மாறிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஊர்வலம் கலைந்ததும் உணவு விடுதிகளின் கதவுகள் முன்போலவே கறுப்பருக்கு மூடிக்கிடந்தன. 1963 மே மாதம், தன் ஊரில் கறுப்பரை உள்ளே விடாத உணவு விடுதி ஒன்றின் முன் நடந்த அறப்போராட்டத்தில் வில்மாவும் போய் நின்றாள். அதன்பின் சிறிது நாளில், நகரின் பொது இடங்கள் யாவருக்கும் திறந்திருக்கும் என்று மேயர் அறிவித்தார். தேசம் முழுவதுக்கும் அதைச் சட்டமாக்கியது 1964-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம்.

1962-ல், 22-ம் வயதில், புகழின் உச்சியில் ஓட்டத்தை விட்டாள். அக்கால விதிப்படி ஒலிம்பிக் வீரர்கள் ஓடிப் பணம் ஈட்டக்கூடாது. எனவே பதக்கங்கள் இருந்தன, பணம் இல்லை. 1963-ல் ஆசிரியப் பட்டம் பெற்று, தான் படித்த தொடக்கப் பள்ளியிலேயே ஆசிரியையானாள். பர்ட் பள்ளிப் பெண்களுக்கு ஓட்டமும் கற்பித்தாள். பின்னாட்களில் ஊர் ஊராகப் பல வேலைகள் பார்க்க நேர்ந்தது. இல்லற வாழ்வில் அமைதி கிட்டவில்லை. நான்கு பிள்ளைகளை வளர்த்தாள். 1981-ல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக விளையாட்டுப் பயிற்சியும் படிப்பில் உதவியும் அளிக்கத் தன் பெயரால் ஓர் அறநிலையம் தொடங்கினாள். பதக்கங்களைவிட அந்த அறநிலையத்தையே தன் வாழ்வின் பெரும்பணியாகக் கருதினாள்.

1994-ல் தாய் பிளாஞ்ச் காலமானாள். அதன்பின் சிறிது காலத்திலேயே வில்மாவின் மூளையில் புற்றுநோய் கண்டிருப்பது தெரிந்தது. அவ்வாண்டு நவம்பர் 12-ந் தேதி, 54-ம் வயதில், அவள் இறந்தாள். தூக்கிச் சுமந்த தாயும் சுமக்கப்பட்ட மகளும் ஒரே ஆண்டில் சர்வேசுரன் சமுகம் சேர்ந்தார்கள். டென்னசி மாநிலம் தன் கொடியைத் தாழ்த்தி மரியாதை செய்தது.

பங்கு மக்களே, இது அமெரிக்காவின் கதைதானே என்று தாளை மடித்து வைத்துவிட வேண்டாம். நம் திருநாளில் தேர் எந்தத் தெரு வரை வரும், யார் தோள் கொடுக்கலாம், யார் ஒதுங்கி நிற்கவேண்டும் என்ற பேச்சு நம் ஊர்களில் எழுந்ததே இல்லையா? கல்லறையில்கூட வரப்புப் போட்டுப் பிரித்த ஊர்களை நாம் அறியோமா? அங்கே நிறம், இங்கே சாதி. பெயர்தான் வேறு, பாவம் ஒன்றே. ஞானஸ்நானம் பெற்றவர்களிடையே இனத்தாலும் நிலையாலும், ஆண் பெண் என்பதாலும் ஏற்றத்தாழ்வு இல்லை என்று கலாத்தியருக்கு எழுதியவரும் அதே அர்ச். சின்னப்பர்தான். ஓட்டத்தைப் பற்றி அவர் சொன்னதை விரும்பிக் கேட்கிற நாம், இதையும் கேட்கவேண்டாமா?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெண்பிள்ளைக்கு ஓட்டமும் பந்தும் எதற்கு என்று மைதானத்திலிருந்து அழைத்துக்கொண்டு வருமுன், நாளுக்கு நான்கு முறை மகளின் காலைப் பிடித்துவிட்ட தாயை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் வளர்த்தது ஓர் ஓட்டக்காரியை மட்டும் அன்று. ஊரின் மனசாட்சியை வளர்த்தாள்.

இளைஞருக்கு ஒரு வார்த்தை. பரிசும் மாலையும் உங்களுக்கும் வரும். வரும்போது ஒரு கணம் நின்று, நமக்கு மேடையில் இடம் தரும் இந்த ஊர் நம் பக்கத்துத் தெருத் தோழனுக்கும் இடம் தருமா என்று கேளுங்கள். தராது என்றால், அவனுக்கும் ஒரு நாற்காலி போடும் வரையில் நானும் உட்காரமாட்டேன் என்று சொல்லும் துணிவை ஆண்டவர் உங்களுக்கு அருள்வாராக.

வருகிற திருநாளில் நம் தேர் பங்கின் எல்லாத் தெருவிலும் வரவேண்டும், எல்லாத் தோளும் அதைத் தாங்கவேண்டும் என்பது என் ஆசை. இதற்காக இவ்வாரம் குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணி ஒப்புக்கொடுக்கும்படி வேண்டுகிறேன்.

சேசுவில் உங்கள் அன்புள்ள
பங்குக் குரு